அண்ணாச்சி பெட்டியைத் திறக்கவே இல்லை

மூன்று வாரம் விடுப்பில் டொரொண்டோவிலிருந்து பாளையங்கோட்டை வந்திருந்தேன். அக்கா மகன் பாபநாசத்திலிருந்து அகஸ்தியர் அருவிக்கு ஏறும் மேட்டில் கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறானாம். பின்னால் 7 கியர், பெரிய பல்சக்கரத்தில் 28 பல். 32 பல் இருந்தால் மிதித்தே ஏறலாமே என்று, ஷிமானோ கேசட் ஒன்றை, அதாவது பின்சக்கரத்தில் மாட்டும் பல்சக்கர அடுக்கை (12-32: சின்னதில் 12 பல், பெரியதில் 32), சாக்லேட்டுகளுக்கு நடுவில் செருகிக் கொண்டுவந்தேன்.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு சைக்கிள் கடை. அண்ணாச்சி பெட்டியைத் திறக்கவே இல்லை. "வீலப் பாக்காம இத ஏன் வாங்குனீய?"

அவன் சைக்கிளில் இருந்தது கேசட்டே இல்லை, ஃப்ரீவீல். ஜாடி மூடி மாதிரி, வீலின் நடுப்பாகமான ஹப்பின் மரையில் திருகி ஏறுவது; பல்சக்கரமும் டிக்டிக் என்று சுற்றும் உள்பாகமும் ஒரே துண்டு. கேசட்டுக்கோ ஹப்பிலேயே வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உருளை வேண்டும். அதில் செருகி லாக்ரிங்கால் இறுக்குவார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகம், நான் ஏமாந்தது அதில்தான்.

பழைய வீலின் ஆக்ஸிலும் லேசாக வளைந்திருந்தது. ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அப்படி ஆகுமாம். சரி, வீலையே மாற்றிவிடுவோம் என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். விற்றவர் போனில் "எல்லா கேசட்டும் ஏறும் சார்" என்றார். எத்தனை ஸ்பீடு, அதாவது எத்தனை கியர், என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாம் நாள் வந்தது. கேசட் ஏறியது, லாக்ரிங்கை முழுக்க இறுக்கிய பிறகும் கடகடவென்று ஆடியது.

அந்த உருளை 8, 9, 10 ஸ்பீடுக்கான நீளம். 7 ஸ்பீடு போட்டால் மிஞ்சும் இடத்தை அடைக்கப் பின்னால் 4.5 மில்லிமீட்டர் வளையம் வேண்டும். அண்ணாச்சி உருளையை வெர்னியரில் அளந்து, தினசரித் தாள் ஓரத்தில் எழுதிக் கிழித்துப் பையனிடம் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் லேத் பட்டறையிலிருந்து அலுமினிய வளையம் வந்துவிட்டது, 150 ரூபாய். டொரொண்டோவில் இதற்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கவே ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்புறம் செயினில் இரண்டு கண்ணி சேர்த்து, வீலுக்குக் கோட்டமும் எடுத்துக் கொடுத்தார்.

காசு கொடுக்கும்போதுதான் மேல்தட்டில் ஒரு டப்பா கண்ணில் பட்டது. 7 ஸ்பீடு ஃப்ரீவீல், 14-34.

"இது பழைய ஹப்புலயே ஏறியிருக்குமா அண்ணாச்சி?"

"ஏறும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேசட்ட மாட்டணும்னுல்லா கேட்டிய."