எங்கள் தெரு சர்க்கரை மேசை: ஒன்றரை வருஷம் போய்வந்த அனுபவம்

ராமேஸ்வரத்தில் கடலை ஒட்டிய எங்கள் தெருவில், வலை பின்னும் கொட்டகைக்கு அடுத்த அறையில் செவ்வாயும் சனியும் சாயங்காலம் 5 மணிக்கு ஒரு மேசை போடுகிறார்கள். நடத்துவது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பிரஷர், சர்க்கரை பார்ப்பார்கள், பாதத்தைப் பார்ப்பார்கள், மாத்திரை கையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். சர்க்கரைக்கு மட்டும் 20 ரூபாய், அதுவும் ஸ்ட்ரிப் வாங்குகிற காசு. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் போகலாமா என்று கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் கடல்பாசி எடுக்கிறவள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் கடலில் இறங்குவோம். விடியுமுன் கிளம்பினால் கரையேற மதியம் ஆகிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுப்பது காலையில். நாங்கள் எடுத்து விற்கும் மரிக்கொழுந்துப் பாசியை ஒரு நாள் விட்டால் அந்த வார அரிசிக் காசு போச்சு. இறங்காத நாளில் போகலாமே என்பார்கள். அன்றைக்குத்தான் ரேஷன், தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் காத்திருக்கும்.

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பத்து நாள் மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு வருஷம் சும்மா இருந்தேன்.

மேசையில் உட்காரும் மதினி முன்பு எங்களோடு பாசி எடுத்தவர். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் வந்த அந்தத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அவர் வீடு வீடாக வருவது பகலில், பகலில் எங்கள் வீடுகள் பூட்டிக் கிடக்கும். இதைக் குழுவில் பேசித்தான் சாயங்கால மேசையை ஆரம்பித்தார்கள். யாரும் மேலிருந்து உத்தரவு போடவில்லை.

முதல் நாள் நான் போய் நின்றதும் "அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரு" என்றார். நடந்துவந்த வேகத்தில் பார்த்தால் பிரஷர் கூடக் காட்டுமாம். பார்த்தபோது 160க்கு 100. கஞ்சிக்கு என்ன தொட்டுக்கொள்கிறாய் என்று கேட்டார். கருவாடுதான், வேறென்ன? ஆஸ்பத்திரியில் கருவாட்டையே விடச் சொன்னார்கள். மதினி அப்படிச் சொல்லவில்லை. வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டு, கருவாட்டுக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதே, அளவாகச் சாப்பிடு, ஊறுகாயை நிறுத்து என்றார். ஓர் ஆளுக்கு நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம் என்று கரண்டியில் அள்ளிக் காட்டினார். எங்கள் அடுப்படி தெரிந்தவர் சொன்னதால் என்னால் செய்ய முடிந்தது.

ஆனாலும் இந்த மேசையை நான் மறக்காமல் இருப்பது என் காலுக்காக. பாசி எடுக்கும்போது பார் மேல்தான், அதாவது கடலடிப் பாறைத் திட்டு மேல்தான், நிற்க வேண்டும். விரலுக்குத் துணி சுற்றுவோம், காலுக்கு ரப்பர் செருப்பு, அப்படியும் கல் கிழித்துவிடும். சர்க்கரை கூடிக் கிடந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும், கிழித்ததே தெரியாது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை மதினி என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு கால்விரலையும் தொட்டுக்கொண்டே வந்தார். இடது காலில் இரண்டு விரலைத் தொட்டது எனக்குத் தெரியவில்லை. விரலிடுக்கை விரித்துப் பார்த்தால் கீறல் சீழ் பிடித்திருந்தது. ஒரு பொட்டு வலி கிடையாது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரே கூட வந்து, 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் காட்டினார். விரல் தப்பியது. எங்கள் தெருவில் விரல் போனவர்கள் இருக்கிறார்கள், ஆகையால் அதன் அருமை எனக்குத் தெரியும்.

குறையும் இருக்கிறது. அறையில் மறைப்பு இல்லை, ஆரம்பத்தில் சர்க்கரை அளவைச் சத்தமாகச் சொன்னார்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருப்பவர்கள் அதனாலேயே வரவில்லை. அந்தக் குறையை எடுத்துச் சொன்ன பிறகு அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள், திரை இன்னும் கட்டவில்லை. சாயங்காலம் பார்ப்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரை தெரியாது, அதற்கும் கண் பரிசோதனைக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆம்பளைகள் வருவது குறைவு. விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி, அப்படியிருக்க சனிக்கிழமை மேசை போட்டால் அவர்கள் எப்படி வருவார்கள்? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையின்போது கொட்டகைக்கே மெஷினைக் கொண்டுபோனார்கள், பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு ஆம்பளைகள் கையை நீட்டினார்கள். வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை வேண்டும். குழுவில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

போகிறவர்கள் சாப்பிடும் மாத்திரையின் காலி அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள், மதினி முதலில் அதைத்தான் கேட்பார். பாதத்தைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள், கூட்டமான நாளில் அது விட்டுப்போகிறது.