நாள் முழுக்கப் பாட்டா, உள்ளூர்ச் செய்தியா? பார்வையாளர் குறைந்த வேலூர் கேபிள் சேனலுக்கு

செலவு
பாட்டு: ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள் போதும். ஆனால் ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும்.
செய்தி: கேமரா, கை மைக், எடிட்டர், குறைந்தது இரண்டு நிருபர்கள். சம்பளம்தான் பெரிய சுமை.

தாக்குப்பிடிப்பது
பாட்டு: அதே பாட்டு யூடியூபில் கிடைக்கிறது. விளம்பரம் வந்ததும் ரிமோட் கைக்குப் போகும்.
செய்தி: குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா (அம்மன் தலை ஊர்வலம்) வைகாசி 1 அன்று. அதைத் தெருத்தெருவாகக் காட்ட உள்ளூர் ஆளால்தான் முடியும்.

எளிமை
பாட்டு: சுலபம்.
செய்தி: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அரை மணி நேரத்தில் விளம்பரம் 6 நிமிடம் போனால், இரண்டு நிமிடச் செய்தி 12 வேண்டும். கையிருப்பாகச் சந்தை விலை, காட்பாடி ரயில் நேரம், பாலாற்று நீர்வரத்து எப்போதும் இருக்கட்டும். திருவிழாக் கூட்டத்தில் மொபைல் சிக்னல் திணறும். நேரலையை நம்பாமல் மெமரி கார்டை பைக்கில் அனுப்புங்கள். மைக் வாயருகே இல்லாவிட்டால் மேளச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும்.

இரண்டு பேர் மட்டும் உள்ள சேனலுக்குப் பாட்டே சரி. ஐந்து பேர் இருந்தால் இரவு 7 மணிக்குச் செய்தி, 9 மணிக்கும் காலை 8 மணிக்கும் மறுஒளிபரப்பு, மீதி நேரம் பாட்டு. நேரத்தை மூன்று மாதம் மாற்றாதீர்கள்.