மெரினோ கம்பளி மலை சைக்கிளுக்கும் கிராவலுக்கும் தாங்குமா? போட்டு ஓட்டிப் பாத்த ரிவ்யூ

மெரினோ, அதாவது மெரினோங்கிற ஆட்டு இனத்தோட மெல்லிசு கம்பளி, இதப் பத்தி சைக்கிள் ஓட்டுற நாலு பேருகிட்ட கேட்டுப் பாருங்க, ரெண்டு மாதிரிதான் பதில் வரும். "ஒருதடவ போட்டுட்டா வேற துணிய தொடவே மாட்டீங்க"ன்னு ஒரு கோஷ்டி, "காசப் புடிச்ச கேடு, தோள்பட்டைல ஓட்டை விழுந்துடும்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேருமே பொய் சொல்லல. அவங்க வாங்குனது வேற வேற துணி, ஓட்டுனது வேற வேற மாதிரி ரைடு, அவ்ளோதான் விஷயம். நான் மெல்லிசு டீ ஷர்ட், கலப்பு ஜெர்சி, கனமான உள் பனியன், சாக்ஸ்னு எல்லாத்தையும் மலை சைக்கிள் ஓடுற டிரெயில்லயும் (மேடு பள்ளமான ஒத்தையடிப் பாதை), கிராவல் சைக்கிள் ஓடுற மண் ரோட்டுலயும் போட்டு அடிச்சுப் பாத்துட்டுதான் இத எழுதுறேன். என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன், தோலோட ஒட்டி இருக்குற இடத்துல மெரினோ இருக்கணும், உரசித் தேயிற இடத்துல நைலான் இருக்கணும். இத மனசுல வச்சுட்டு வாங்குனா ஏமாற மாட்டீங்க, "100 சதவீதம் சுத்த மெரினோ"ங்கிற வார்த்தைல மயங்கி வாங்குனா கஷ்டம்தான்.

முதல்ல பாக்க வேண்டியது மைக்ரான், அதாவது ஒரு இழை எவ்ளோ மெல்லிசுன்னு. தோல்ல படுற மாதிரி தைக்கிற நல்ல மெரினோ துணியெல்லாம் 17லேருந்து 19.5 மைக்ரானுக்குள்ள இருக்கும். கம்பளின்னாலே சின்ன வயசு ஸ்வெட்டர் ஞாபகம் வந்து கழுத்துல அரிக்கிறவங்களுக்கு சொல்றேன், அரிப்புக்குக் காரணம் கம்பளி இல்ல, இழையோட தடிமன்தான். 30 மைக்ரானத் தாண்டுன முரட்டு இழைங்க வளையாம தோல குத்தி நிக்கும், மெல்லிசு இழை குத்துறதுக்கு முன்னாடியே மடங்கிடும். அதனால மைக்ரான் போட்டிருந்தா பாருங்க. போடலன்னா கழுத்துக்குப் பக்கத்துல வச்சு கொஞ்ச நேரம் தேச்சுப் பாருங்க, கைல தொட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க, உள்ளங்கைக்கு அரிப்பு தெரியாது.

அடுத்தது ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்னு. இங்கதான் மலை சைக்கிளும் கிராவலும் பிரியுது. டிரெயில்ல ஏத்தத்துல நடக்குற வேகத்துக்குதான் போவீங்க, காத்தே இருக்காது, வேர்த்து ஊத்தும், மேல போய் நின்னு மூச்சு வாங்கிட்டு இறங்க ஆரம்பிச்சதும் அந்த ஈரத்து மேல காத்து அடிக்கும் பாருங்க, பாலியஸ்டர் போட்டிருந்தா முதுகு ஜில்லுனு ஆயிடும். கிராவல்ல அப்படி இல்ல, மணிக்கணக்கா ஒரே சீரா போயிட்டே இருப்பீங்க, காத்தும் அடிச்சிட்டே இருக்கும். அதனால வெயில் காலத்துக்கு ரெண்டுக்குமே 120லேருந்து 150 ஜிஎஸ்எம் போதும், குளிருக்கு மலை சைக்கிளுக்கு உள்ள 150, மேல ஒரு காத்துத் தடுப்பு ஜாக்கெட், கிராவலுக்கு உள்ளயே 200. 250க்கு மேல இருக்குறது கேம்ப்ல உக்காந்து இருக்கும்போது போடத்தான் லாயக்கு. அத மாட்டிட்டு ஏத்தம் மிதிச்சா வெந்துடுவீங்க.

சரி, மெரினோ அப்படி என்னதான் பண்ணுது. இழையோட வெளிப்பக்கம் தண்ணிய லேசா தள்ளும், உள்பக்கம் ஆவிய இழுத்து வச்சுக்கும். தன் எடைல மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்த உறிஞ்சிட்டு கூட தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும், பாலியஸ்டர் இழை ஒரு சதவீதம் கூட உறிஞ்சாது. அது போக ஈரத்த உறிஞ்சும்போது கம்பளி கொஞ்சம் சூட்டையும் வெளிய விடும். ஏத்தம் முடிஞ்சு நிக்கும்போது அந்த திடீர் நடுக்கம் வராததுக்கு காரணம் இதெல்லாம்தான். இத நான் இறக்கத்துலதான் நல்லா உணர்ந்தேன், துணி ஈரமாத்தான் இருக்கு ஆனா உடம்புக்கு அது உறைக்கல.

ஆனா இதையே திருப்பிப் போட்டுப் பாத்தா குறையும் அதுதான். ஒரு அளவுக்கு மேல வேர்த்துட்டா, இல்ல மழைல மாட்டிட்டா, உள்ள போன தண்ணி சீக்கிரம் வெளிய வராது. பாலியஸ்டர் ஜெர்சிய பிழிஞ்சு ஹேண்டில்பார்ல தொங்கவிட்டா கொஞ்ச நேரத்துல காஞ்சிடும், மெரினோ அப்படியெல்லாம் காயாது. இன்னொண்ணு, பின்னாடி மூணு பாக்கெட் வச்ச கிராவல் ஜெர்சி சுத்த மெரினோல இருந்தா, அதுல டியூப், பம்ப், போன் எல்லாம் போட்டு மழைல நனைஞ்சீங்கன்னா பாக்கெட் அப்படியே பின்னாடி தொங்கி சீட்டுல இடிக்கும், ஒவ்வொரு தடவ எழுந்து மிதிச்சுட்டு உக்காரும்போதும் முனை சீட்டுல மாட்டும். எரிச்சலா வரும். பாக்கெட் வச்ச ஜெர்சின்னா கண்டிப்பா கலப்புத் துணியா இருக்கணும், பாக்கெட் விளிம்புல எலாஸ்டிக் இருக்கணும். முடிஞ்சா சாமான சைக்கிள் சட்டத்துல மாட்டுற ஃப்ரேம் பேக்ல போட்டுட்டு பாக்கெட்டே இல்லாத டீ ஷர்ட் போடுறது இன்னும் உத்தமம்.

நாத்தம் விஷயத்துல மட்டும் மெரினோவ அடிச்சுக்க ஆளே இல்ல. வேர்வை தானா நாறாது, தோல்ல இருக்குற பாக்டீரியா அத தின்னு விடுற வாடைதான் நாறும். பாலியஸ்டர் உடம்பு எண்ணெய புடிச்சு வச்சுக்கும், துவைச்சாலும் முழுசா விடாது, அடுத்த ரைடுல உடம்பு சூடானதும் பழைய வாடை கிளம்பி வரும். கம்பளி இழை ஈரத்தோட சேத்து அந்த வாடையையும் உள்ள வாங்கிக்குது, துவைச்சா வெளிய விட்டுடும். சைக்கிள்லயே சாமான கட்டிட்டு பல நாள் பைக்பேக்கிங் போறவங்க ஒரே ஒரு மெரினோ டீ ஷர்ட்ட ராத்திரி வெளிய காத்தாட போட்டுட்டு காலைல திரும்ப மாட்டிக்கிறது சும்மா பந்தாக்கு இல்ல, நிஜமாவே முடியும். நாத்தமே வராதுன்னு சொல்ல வரல, வரும், ஆனா ரொம்ப லேட்டா வரும், டெண்ட்ல கூட படுக்குறவங்க சண்டைக்கு வர்ற அளவுக்கு போகாது.

இப்ப ஓட்டை கதைக்கு வருவோம், ஏன்னா பாதி பேரு திட்டுறது இதுக்குத்தான். ஒரு பிராண்டோட 125 ஜிஎஸ்எம் சுத்த மெரினோ டீ ஷர்ட், பேர் வேணாம், போட்டா போட்ட மாதிரியே தெரியாது, அவ்ளோ சொகுசு. அத முதுகுல தண்ணிப் பை மாட்டிட்டு டிரெயில்ல போட்டு ஓட்டுனதுல பட்டை படுற இடம், சரியா காலர் எலும்புக்கு மேல, முதல்ல சின்னச் சின்னதா நூல் உருண்டை கட்டுச்சு. அப்புறம் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா அந்த இடம் மட்டும் சல்லடை மாதிரி ஆயிருந்துச்சு, கடைசில தையல் ஓரமா ஒரு விரல் போற அளவுக்கு விட்டுடுச்சு. முன்பக்கம் ஒரு நூல் இழுத்து கோடு விழுந்ததுக்கு காரணம் வேற, கிளவுஸ் கழட்டும்போது மணிக்கட்டுல இருக்குற வெல்க்ரோ பட்டுது. வெல்க்ரோதான் மெரினோவுக்கு முதல் எதிரி, முள்ளுச் செடி கூட ரெண்டாவதுதான். முழங்கால் பேடு, முழங்கை பேடு எல்லாத்துலயும் வெல்க்ரோ இருக்கும், கழட்டுனதும் ஒட்டி மூடிடுங்க, ஒரே பைல சேத்து அடைக்காதீங்க.

இதுக்கு வழி என்னன்னா கோர்ஸ்பன்னு ஒரு நூல் இருக்கு, நடுவுல நைலான் இழை, அதச் சுத்தி மெரினோ. தோலுக்குப் படுறது மெரினோ, இழுவை தாங்குறது நைலான். நியூசிலாந்துல 1995ல ஆரம்பிச்ச ஐஸ்பிரேக்கர், அமெரிக்காவுல 1994ல ஆரம்பிச்ச ஸ்மார்ட்வுல், இந்த ரெண்டு பேருகிட்டயுமே மெல்லிசு துணிங்க பலதுல இந்த மாதிரி நூல்தான். லேபிள்ல மெரினோ 85 சதவீதம் கிட்ட, நைலான் 15 சதவீதம் கிட்டன்னு பாத்தா கண்ண மூடிட்டு எடுக்கலாம். மெரினோ பாதிக்குக் கீழ இறங்கிட்டா வாடை விஷயத்துல பாலியஸ்டர் குணம் தலை தூக்க ஆரம்பிச்சிடும். சில பேரு அட்டைல மெரினோன்னு பெருசா போட்டுட்டு உள்ள துவைக்கிற லேபிள்ல பொடி எழுத்துல 20 சதவீதம்னு போட்டிருப்பாங்க, அத உள்ள திருப்பி படிக்காம காசு குடுக்காதீங்க.

வெளிய பாலியஸ்டர், உள்ள மெரினோன்னு ரெண்டு முகமா பின்னுன துணியும் இருக்கு. ஸ்போர்ட்வுல்னு பேரு, ஆஸ்திரேலியாவோட அரசு ஆராய்ச்சி நிறுவனம் சிஎஸ்ஐஆர்ஓ பண்ணுன ஆராய்ச்சில வந்தது, 2004ல ஆரம்பிச்ச ராஃபாங்கிற சைக்கிள் துணி பிராண்ட் முதல் ஜெர்சிய அதுலதான் தச்சாங்க. ரோட்டுக்கும் கிராவலுக்கும் இது ரொம்பப் பொருத்தம், ஷேப் கெடாது, சீக்கிரமும் காயும். (டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துல முன்னணில இருக்குறவரு போடுற மஞ்சள் ஜெர்சி 1919ல வந்தப்ப அதுவும் கம்பளிதான், அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் எல்லாருமே கம்பளில தான் ஓட்டுனாங்க. அந்தக் காலத்து போட்டோல ஜெர்சி தொங்குறத பாத்தா நான் மேல சொன்ன பாக்கெட் கதை புரியும்.)

விழுந்தா என்ன ஆகும்னு கேட்டீங்கன்னா, மெரினோ கிழியும், அதுல சந்தேகமே வேணாம், தோல காப்பாத்தும்னு நம்பி பேடு போடாம போகாதீங்க. ஒரே ஒரு நல்லது, கம்பளி உருகாது. பாலியஸ்டரும் நைலானும் சூட்டுல உருகி ஒட்டும், கம்பளி கருகி நின்னுடும். கேம்ப்ல அடுப்புப் பக்கத்துல பொறி தெறிச்சாலும் இதே கதைதான்.

ஃபிட் பாக்கும்போது கண்ணாடி முன்னாடி நேரா நின்னு பாக்காதீங்க. ஹேண்டில்பார புடிக்கிற மாதிரி குனிஞ்சு கைய நீட்டுங்க, கிராவல் ஜெர்சின்னா முதுகு கீழ்ப்பக்கம் தெரியக் கூடாது, முன்பக்கம் வயித்துல சுருண்டு மடியக் கூடாது, ஜிப் இருந்தா நல்லது. மலை சைக்கிளுக்கு கொஞ்சம் லூசா இருக்கலாம், உள்ள முழங்கை பேடு போகணும், ஆனா தோள் தையல் முதுகுப் பையோட பட்டைக்கு நேர் கீழ இருந்தா வேணாம், தையல் முன்னாடியோ பின்னாடியோ தள்ளி இருக்குறத எடுங்க. உள் பனியன் மட்டும் உடம்போட ஒட்டணும், லூசா இருந்தா ஈரத்த இழுக்காது.

எதுல ஆரம்பிக்கலாம்னா சாக்ஸ், யோசிக்கவே வேணாம். விலை கம்மி, பலன் உடனே தெரியும், ஓடைல கால வச்சு நனைஞ்சாலும் ஷூவுக்குள்ள சூடு இருக்கும், நைலான் நெறைய கலந்திருக்குறதால சீக்கிரத்துல கிழியவும் கிழியாது. டார்ன் டஃப்னு அமெரிக்காவுல வெர்மான்ட்ல பண்ற சாக்ஸுக்கு ஆயுசுக்கும் கேரண்டி உண்டு, ஓட்டையானா மாத்திக் குடுப்பாங்க. அடுத்தது கைய முழுசா மூடுற 150 உள் பனியன், அப்புறம்தான் ஜெர்சி. ஷார்ட்ஸ் பக்கம் போகாதீங்க, சீட்டுல உரசுற இடத்துக்கு மெரினோ ஆகாது, பேட் வச்ச பிப் ஷார்ட்ஸ்ல (தோள்ல மாட்டுற வார் வச்ச சைக்கிள் ஷார்ட்ஸ்) சிந்தெடிக்தான் சரி. கிளவுஸும் அப்படியே, உள் லைனரா இருந்தா ஓகே, உள்ளங்கைல மெரினோன்னா ரெண்டு இறக்கத்துல நைஞ்சிடும்.

ஆட்டப் பத்தியும் ஒரு வார்த்தை. ஆட்டுக்குட்டியோட பின்பக்கத் தோல வெட்டி எடுக்குற மியூல்சிங்னு ஒண்ணு ஆஸ்திரேலியாவுல இன்னும் நடக்குது, ஈ முட்டை வைக்காம இருக்கத்தான்னு சொல்றாங்க, நியூசிலாந்து 2018ல தடை பண்ணிடுச்சு. கம்பளிக்குக் குடுக்குற ஆர்டபிள்யூஎஸ் (RWS) அல்லது இசட்க்யூ (ZQ) சான்று முத்திரை இருந்தா அந்த வேலை நடக்காத பண்ணைக் கம்பளி. எனக்கு இது முக்கியம், முத்திரை இல்லன்னா எவ்ளோ தள்ளுபடி குடுத்தாலும் எடுக்குறதில்ல.

துவைக்கிறது பெரிய வித்தையெல்லாம் இல்ல. உள்பக்கம் வெளிய திருப்பி, ஜிப்ப மூடி, 30 டிகிரில கம்பளி மோடுல போடுங்க. கம்பளியும் புரதம்தான், கறை எடுக்குற என்சைம் சோப்புத்தூள்ல புரதத்த கரைக்கிற சரக்கு இருக்கும், அது கறையோட சேத்து துணியையும் அரிச்சிடும், அதனால கம்பளிக்குன்னு விக்கிற லிக்விட் வாங்கிக்கோங்க. சாஃப்ட்னர், பிளீச், டிரையர் மூணும் வேணாம். முறுக்கிப் பிழியாம டவல்ல சுருட்டி அமுக்கி, நிழல்ல பரப்பிக் காயப் போடுங்க, ஈரத்தோட ஹேங்கர்ல தொங்கவிட்டா நீளமாயிடும்.

ஓட்டைல பாதி ரைடுல விழுறதே இல்ல, அலமாரில விழுது. அந்துப்பூச்சி புழு கம்பளிய தின்னும், அதுலயும் வேர்வை பட்ட துணின்னா அதுக்கு விருந்து. சீசன் முடிஞ்சா துவைக்காம மடிச்சு வைக்காதீங்க, துவைச்சு நல்லா காய வச்சு காத்துப் போகாத பைல போட்டு மூடுங்க. ஏற்கனவே பூச்சி இருக்குமோன்னு சந்தேகமா இருந்தா அந்தப் பையோட ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வச்சா முட்டை புழு எல்லாம் செத்துடும். ஃப்ரீசர திறந்து பாத்து இது என்னடா பனியன்னு வீட்ல கேப்பாங்க, அதுக்கு பதில் நீங்களே ரெடி பண்ணிக்கோங்க.