தலைமை அலுவலகச் செலவு அறிக்கை: பவர் பிஐயா, நாமே கட்டும் செயலியா?

கோவையில் தலைமை அலுவலகம், ஆறு ஊர்களில் கிளைகள், கணக்கு முழுக்க டேலி என்ற கணக்கு மென்பொருளில். வாடகை, மின்கட்டணம், ஆடிட்டர் ஃபீஸ், சாஃப்ட்வேர் சந்தா, ஹெச்ஆர் ஆட்களின் சம்பளம் என்று தலைமை அலுவலகச் செலவு மாதம் பதினெட்டு லட்சத்தை ஒட்டி வரும். அதைக் கிளைகளுக்குப் பங்கிட்டு, அந்தந்தக் கிளை மேலாளர் தன் பங்கை பிரவுசரிலேயே பார்க்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது இதுதான். 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐயில் தொடங்கி ஒன்பது மாதம் ஓட்டினோம். பிறகு ஜாங்கோ என்ற வலைச்செயலிக் கட்டமைப்பும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும் வைத்து நாங்களே ஒரு செயலி கட்டினோம். இன்று ஓடுவது அதுதான். நானும் அதன் பக்கம்தான்.

எக்செல்லைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டு கிளை, ஒரே கணக்காளர் என்றால் எக்செல் போதும். ஒரே ஃபைல் ஐந்து பெயரில் மெயிலில் சுற்றத் தொடங்கிவிட்டால் போதாது.

பவர் பிஐ வேகமானது. மூன்றே வாரத்தில் எங்களுக்குத் திரை தயாராகிவிட்டது. ஒரு தொகையைத் தொட்டால் அதற்குள் இருக்கும் லெட்ஜர் (ஒரு செலவுக்கான கணக்கு), அதையும் தொட்டால் வவுச்சர் (அதிலுள்ள ஒவ்வொரு பதிவு) என்று உள்ளே உள்ளே போகலாம். ஒரு கிளையின் கணக்கு இன்னொரு கிளைக்குத் தெரியாமல் தடுக்கவும் வசதி உண்டு. தொகையை மில்லியனில் காட்டுவதை லட்சத்துக்கு மாற்றத் தனியாக ஃபார்மட் எழுத வேண்டியிருந்தது. அது ஒருநாள் வேலை. பார்க்கும் அழகை மட்டும் வைத்து முடிவு செய்வதென்றால் நாங்கள் கட்டியது அதன் பக்கத்தில் நிற்காது.

நாங்கள் மாறியதற்குக் காரணம் பங்கு விகிதம்.

2024 செப்டம்பரில் சேலம் கிளை பக்கத்துக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்தது, ஆட்களும் கூடினார்கள். அதன் பங்கை 14 விழுக்காட்டிலிருந்து 17 ஆக்கச் சொன்னேன். ரிப்போர்ட்டைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஃபார்முலாவில் இருந்த எண்ணை மாற்றி வெளியிட்டார். ஐந்து நிமிட வேலை. அக்டோபர் கூட்டத்துக்குச் சேலம் மேலாளர் மே மாதம் எடுத்த பிரின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சார், ஏப்ரல் மாசத்துக்கு எங்க பங்கு 2,52,000-ன்னு குடுத்தீங்க. இன்னிக்கு அதே ஏப்ரல் ஸ்கிரீன்ல 3,06,000-ன்னு நிக்குது. நான் எதைங்க சார் எடுத்துக்கறது?"

54,000 ரூபாய் வித்தியாசம். ஏப்ரல் செலவில் ஒரு பைசாகூட மாறவில்லை. செப்டம்பரில் மாற்றிய விகிதம் பின்னால் போய் எல்லா மாதத்தையும் திருத்தியிருந்தது. அவர் அந்தப் பழைய கணக்கை நம்பித் தன் ஆட்களுக்கு ஊக்கத்தொகை எவ்வளவு என்று சொல்லிவிட்டார். அன்று அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

குற்றம் பவர் பிஐயுடையது அல்ல. விகிதத்தை ஃபார்முலாவுக்குள் வைத்தது எங்கள் தப்பு. தேதி போட்ட ஓர் அட்டவணையை வெளியே வைத்து அங்கேயே இதைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் அந்த அட்டவணையை யார் திருத்துவது, யார் ஒப்புதல் தருவது, கூட்டினால் 100 வருகிறதா என்று யார் பார்ப்பது? அதற்கு ஒரு படிவம் வேண்டும், லாகின் வேண்டும், யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு வேண்டும். இத்தனையும் கட்டினால் பாதிச் செயலி கட்டியாகிவிட்டது. மீதியையும் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இப்போது விகித அட்டவணையில் ஐந்தே பத்தி: செலவுக் கணக்கு, கிளை, விழுக்காடு, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. விகிதம் மாறினால் பழைய வரியைத் தொடுவதில்லை. அதற்கு முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புது வரி சேர்க்கிறோம். மொத்தம் 100 வராவிட்டால் படிவம் சேமிக்காது. மாதம் முடிந்து நான் ஒப்புதல் கொடுத்ததும் அந்த மாதத்துத் தொகைகள் தனியாகப் பதிவாகிப் பூட்டப்படும். அதன்பின் யாராவது டேலியில் பின்தேதி போட்டு வவுச்சர் போட்டால், 'முந்தைய மாதத் திருத்தம்' என்று நடப்பு மாதத்தில் தனி வரியாக வரும். கையிலிருக்கும் பிரின்ட்டும் திரையும் ஒத்துப்போகும்.

டேலியிலிருந்து தரவு எடுப்பதில் இரண்டு வழிக்கும் தலைவலி ஒன்றுதான். 9000 எண் போர்ட்டில் (வேறு மென்பொருள் வந்து இணையும் வாசல்) எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் கேட்டால் டேலி கொடுக்கும். டெபிட் தொகைக்கு முன்னால் மைனஸ் இருக்கும், முதல் வாரம் அது குழப்பும். ஒவ்வொரு வவுச்சருக்கும் ஆல்டர் ஐடி என்று ஓர் எண் உண்டு. வவுச்சரைத் திருத்தினால் அந்த எண் கூடும். அதை வைத்து மாறியதை மட்டும் எடுத்துவரலாம். ஆனால் அழித்த வவுச்சர் அந்த வழியில் தெரியாது. அதனால் தினமும் இரவு மாதவாரியாக வவுச்சர் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு, இடித்தால் அந்த மாதத்தை முழுதாக மறுபடி எடுக்கிறோம். செயலி டேலியை வாசிக்க மட்டுமே செய்யும், எழுதாது. கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு கட்டாயம் என்ற 2023 ஏப்ரல் விதி இருப்பதால், கணக்குப் புத்தகம் டேலியிலேயே இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம்.

ஜிஎஸ்டியையும் இங்கே சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், வேறு மாநிலக் கிளைகளுக்கும் சேர்த்துத் தலைமை அலுவலகம் வாங்கும் பொதுச் சேவைகளின் வரி வரவை (வாங்கும்போது கட்டியதில் கழித்துக்கொள்ளக்கூடிய வரி) ஐஎஸ்டி (உள்ளீட்டுச் சேவை விநியோகிப்பவர்) பதிவு எடுத்துத்தான் பிரித்தளிக்க வேண்டும். அந்தப் பிரிப்பு விற்றுமுதல் விகிதப்படி நடக்கும். எங்கள் உள் அறிக்கையோ ஆள் எண்ணிக்கையையும் சதுர அடியையும் வைத்துப் பங்கிடுகிறது. சேலம் எங்களோடு ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இருக்கிறது, ஹைதராபாத் தனி எண். இரண்டு விகிதங்களையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாங்கள் தனித்தனியாகவே வைத்திருக்கிறோம்.

செலவு? பவர் பிஐ புரோ சந்தா தலைக்கு மாதம் 10 டாலராக இருந்தது, 2025 ஏப்ரலில் 14 ஆனது. பார்ப்பவர் 25 பேர் என்றால் மாதம் 350 டாலர். எங்கள் சர்வர் வாடகை மாதம் மூவாயிரம் ரூபாயைத் தாண்டுவதில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துச் சொந்தச் செயலி மலிவு என்று சொன்னால் அது பொய். கட்ட நான்கு மாதம் ஆனது. இன்றும் மாதம் இரண்டு நாள் ஒரு புரோகிராமர் அதற்காக உட்காருகிறார். ஜாங்கோ 4.2-இல் தொடங்கினோம், பிறகு 2028 ஏப்ரல் வரை ஆதரவுள்ள 5.2-க்கு மாற நான்கு நாள் பிடித்தது. இன்னொருவருக்கும் அந்த நிரல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அப்படி இரண்டாவது ஆள் கிடைக்காத நிறுவனத்துக்கு இந்த வழியைச் சொல்லவே மாட்டேன். பவர் பிஐயும் தேதி போட்ட அட்டவணையும் போதும்.

ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிறுவன மென்பொருளை ஒரு மாதம் சோதனையாக ஓட்டினேன். செலவு மையத்துக்கு (கிளை, துறை போன்ற செலவுப் பிரிவு) விழுக்காடு வைத்துப் பிரிக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. டேலியை விட்டு மொத்தமாக வெளியேறத் தயாராக இருப்பவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம். ஒரு மாத அனுபவத்தை வைத்து அதற்குமேல் நான் பேசக் கூடாது.

பழையதும் புதியதும் எங்களிடம் இரண்டு மாதம் சேர்ந்தே ஓடின. மாதக் கடைசியில் டேலி டிரையல் பேலன்ஸில் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) இருக்கும் மறைமுகச் செலவுத் தொகையும், செயலியில் ஆறு கிளைகளுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் பிரித்ததன் கூட்டுத்தொகையும் பைசா வரை ஒத்துவர வேண்டும் என்று வைத்திருந்தோம். முதல் மாதம் 3 ரூபாய் இடித்தது. ஒவ்வொரு கிளைப் பங்கையும் தனித்தனியாக ரவுண்ட் செய்ததில் வந்த மிச்சம் அது. அந்த மிச்சத்தைத் தலைமை அலுவலகக் கணக்கிலேயே நிறுத்தும்படி மாற்றினோம். இரண்டாம் மாதம் ஒத்துவந்தது. அன்றைக்குத்தான் பழையதை நிறுத்தச் சொன்னேன்.