போக்கிமான் கார்டு ஏலம்: நீண்ட நாள் புழக்கத்தில் நின்ற விதிகளும் நிற்காத விதிகளும்

வாட்ஸ்அப் குழுவில் கார்டு ஏலம் விடுபவர்கள் முதலில் எழுதும் விதி "இரவு 9 மணிக்கு முடியும்" என்பது. முதலில் உடைவதும் அதுதான். 8:59க்கு நாலு பேர் ஒன்றாகக் கேட்பார்கள். வாட்ஸ்அப் நிமிடத்தைத்தான் காட்டும், நொடியைக் காட்டாது. நெட் மெதுவாக இருந்தவருக்கு வரிசையே வேறாகத் தெரியும். ஈபே என்ற ஏலத் தளத்திலும் நேரம் கறாராகத்தான் முடியும். ஆனால் அங்கே உச்சத் தொகையைப் பதிந்து வைத்தால் போதும், நமக்காக அதுவே படிப்படியாகக் கேட்கும். கையால் கேட்கும் ஏலத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதனால் கடைசி 5 நிமிடத்தில் ஒரு கேள்வி (ஒருவர் கேட்கும் விலை) விழுந்தால், அங்கிருந்து இன்னொரு 5 நிமிடம் கொடுக்க வேண்டும். இதற்கு "எப்படியும் 10 மணிக்கு முடிப்போம்" என்று வரம்பு வைக்காதீர்கள்; 9:59க்கு அதே தகராறு திரும்பும். இழுவையைத் தடுப்பது ஏற்றத் தொகைதான், அதாவது ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டும் என்பது. 500 ரூபாய் வரை 20, 2,000 வரை 50, 10,000 வரை 200, அதற்கு மேல் 500 என்ற படிகள் நன்றாக ஓடுகின்றன. திருத்திய மெசேஜ் செல்லாது என்றும் எழுதி வையுங்கள். திருத்தியது தெரியுமே தவிர, பழைய தொகை தெரியாது.

நியாயம் உண்மையில் சோதிக்கப்படுவது, ஜெயித்தவர் பணம் கட்டாமல் போகும்போது. பல குழுக்களில் அப்படியே அடுத்தவர் கேட்ட தொகைக்கு அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். இது தவறு. ஓர் உதாரணம்: முதல் ஆள் 1,200 வரை கேட்டு விலகினார். மற்ற இருவர் மோதி, இரண்டாமவர் 2,800, மூன்றாமவர் 3,000 என்று முடிந்தது. மூன்றாமவர் காணாமல் போனால், அவர் கேட்டதையெல்லாம் அழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். இரண்டாமவருக்கு நியாய விலை 1,200க்கு மேல் ஒரு படி, அதாவது 1,250, அதுவும் அவர் விரும்பினால் மட்டும். 2,800 வாங்கினால், விற்பவர் நண்பரை வைத்து விலையை ஏற்றிவிட்டுக் கழன்றுகொள்ளச் சொல்வதற்கு நாமே வழி திறந்துவிட்ட மாதிரி. இந்த ஒரு விதி இருந்தால் பொய்க் கேள்வியால் ஜெயித்துவிட்டுக் கழன்றுகொள்வதில் லாபம் இல்லாமல் போகிறது.

மறைத்து வைக்கும் குறைந்தபட்ச விலை வேண்டவே வேண்டாம். எதற்குக் கீழே தர மனமில்லையோ, அதையே தொடக்க விலையாகப் போடட்டும். முதல் கேள்வி விழுந்த பிறகு விற்பவர் பின்வாங்கக் கூடாது.

விவரம் எழுதுவதில் கறாராக இருங்கள். "1999 சாரிசார்ட், நியர் மின்ட் (ஏறக்குறைய புதுசு)" என்பது விவரமே அல்ல. அந்தக் கார்டு வந்த, 102 கார்டு கொண்ட பேஸ் செட் என்ற தொகுப்பில் ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரை உள்ளது, படச்சட்டத்தின் வலப்பக்கம் நிழல் இல்லாதது, நிழல் உள்ள சாதாரண அச்சு என வகைகள் உண்டு. விலை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உறையிலிருந்து எடுத்து முன், பின், நாலு மூலை என ஆறு படம் வேண்டும். ஹோலோ (பளபளக்கும் படம் உள்ள கார்டு) என்றால் விளக்கைச் சாய்த்துப் பிடித்து இன்னொன்று. நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. பின்பக்க நீல ஓரத்தில் வெள்ளை வெளுப்பு இருக்கிறதா என்றுதான் பழகியவர்கள் முதலில் பார்ப்பார்கள். சொல்லும் படமும் முரண்பட்டால் படமே செல்லும். பிஎஸ்ஏ என்ற, கார்டுகளுக்குத் தரம் போடும் நிறுவனத்தின் தரச்சான்று பெட்டியில் இருந்தால், லேபிள் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்த்த பிறகே ஏலம்.

பணம் 24 மணி நேரத்தில் யுபிஐ. அனுப்புவது மூன்று வேலை நாளுக்குள், டிராக்கிங் எண்ணோடு.

பேக்கிங்கையும் விதியாகவே எழுதுங்கள்: பென்னி ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை), அதன் மேல் டாப்லோடர் (கெட்டியான பிளாஸ்டிக் உறை), அதன் திறந்த வாயில் மாஸ்கிங் டேப், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, பிறகு பபிள் கவர். செலோ டேப் ஒட்டினால் பசை இறங்கும். பிய்க்கும் வேகத்தில் கார்டு வளையும். டேப்பின் முனையை மடித்து விட்டால் எளிதாக உரியும். ஸ்லீவ் போடாமல் டாப்லோடரில் நுழைத்தால் ஓரம் உரசி, வழியிலேயே கார்டின் தரம் இறங்கிவிடும்.

புகார் என்றால் பார்சல் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள், வெட்டாத வீடியோவோடு. முகவரிச் சீட்டில் தொடங்கி, பிரிக்காத நாலு பக்கத்தையும் காட்டி, கார்டு வெளியே வரும்வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். பிரித்த பிறகு தொடங்கும் வீடியோவை ஏற்கக் கூடாது. தவறு விற்பவருடையது என்று உறுதியானால், திருப்பி அனுப்பும் தபால் செலவும் அவருடையதுதான்.