சம்பள வேலையா, சொந்தமாக ஆலோசகரா?

மட்டக்களப்பில் கணினி படித்தவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது: கொழும்புக் கம்பனியில் மாதச் சம்பளம், அல்லது ஊரிலிருந்தே தொழில்நுட்ப ஆலோசகர் வேலை.

சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் போடுவார். ஆலோசகருக்கு அது இல்லை. கட்டணம் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேச வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை.

பெரிய தலையிடி வேலையின் எல்லை. கல்முனையில் ஒரு கடைக்கு பில் போடும் மென்பொருளைத் தெரிவு செய்து, கடன் கொப்பிக் கணக்கையெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, "தம்பி, சின்ன வேலைதானே, இதையும் ஒருக்கா பார்த்துவிடுங்க" என்பார்கள். அந்தச் சின்ன வேலை கிழமைக்கணக்கில் இழுக்கும். என்னென்ன செய்வீர்கள் என்று எழுதிக் கொடுத்து, பாதிக் காசை முற்பணமாக வாங்கிவிட்டே தொடங்குங்கள்.

லண்டன் வாடிக்கையாளர் என்றால் தூக்கம் போகும். அங்கே குளிர்காலத்தில் மாலை 5 மணி, இங்கே இரவு 10.30.

சரி, பிறகு ஏன் ஆலோசகர் வேலை? அரிசி ஆலை, மருந்துக்கடை, தனியார் வகுப்பு என்று ஒவ்வொரு தொழிலும் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். கம்பனி மேசையில் அந்தப் படிப்பு கிடைக்காது. என்னைக் கேட்டால், முதல் சில வருடம் சம்பளத்துக்குப் போங்கள். ஆறு மாதச் செலவுக்குக் காசு சேர்ந்ததும் ஊருக்கு வாருங்கள்.