பட்டன் போனில் மெசேஜ்: ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதா, டி9-ஆ, தமிழிலேயே எழுதுவதா?

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனுக்குள்ளே நின்று போன் பேச முடியாது, நாலு தறி ஓடினாலே பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூட காதில் விழாது. அதனால் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்தது, நூல் வந்தது, பீஸ் (நெய்த துணி) எடுக்க ஆள் அனுப்புங்க என்று பாதி வேலை மெசேஜில்தான் ஓடும். தோட்டத்தில் மண் கையோடு, ஈரக் கையோடு நிற்பவருக்கும் தொடுதிரை சொன்னபடி கேட்காது. இப்படிப்பட்ட இடங்களில் இன்னும் பட்டன் செட்தான் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் எழுத மூன்று வழி உண்டு. எதில் பட்டனைக் குறைவாக அழுத்துகிறோம் என்று எண்ணிப் பார்த்துத்தான் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. கண்ணை எடுத்து திரையில் வைக்காமல் எழுத முடியுமா, வாங்குபவர் படித்துப் புரிந்துகொள்வாரா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பழைய முறை, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் எழுதுகிறார்கள். 2-ல் ஏ, பி, சி, 3-ல் டி, இ, எஃப் என்று போய் 7-லும் 9-லும் மட்டும் நாலு நாலு எழுத்து. எத்தனை தடவை தட்டுகிறோமோ அந்தப் பட்டனின் அத்தனையாவது எழுத்து வரும். இதில் இருக்கிற பெரிய தொல்லையைப் புரிந்துகொள்ள 'நூல்' என்று எழுதிப் பார்த்தால் போதும். என், ஓ, ஓ, எல். முதல் மூன்று எழுத்தும் ஒரே 6-ல் உட்கார்ந்திருக்கின்றன. 6-ஐ இரண்டு தட்டு, கர்சர் நகரும் வரை காத்திரு, மூன்று தட்டு, மறுபடி காத்திரு, இன்னும் மூன்று, அப்புறம் 5-ஐ மூன்று. மொத்தம் 11 தட்டு, நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். 'பாவு' எழுதினாலும் இதே கதைதான், இரண்டு ஏ-வும் 2-ல், வி-யும் யூ-வும் 8-ல். பொறுமை இல்லாதவருக்கு எரிச்சல் வரும்தான். ஆனால் நிறைய செட்களில் வலது அம்புக்குறியைத் தட்டினால் காத்திருக்காமலே அடுத்த எழுத்துக்குப் போய்விடலாம், இது தெரியாமலே வருஷக்கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு.

இந்த முறையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதை ஐ.டி.யூ. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் இ.161 என்ற தரம் வரையறுத்து வைத்திருக்கிறது, அதனால் எந்த கம்பெனி செட் மாற்றினாலும் எழுத்துகள் இடம் மாறுவதில்லை. இரண்டு மாதம் எழுதினால் கட்டைவிரலுக்கே எல்லாம் மனப்பாடம், ஓடுகிற தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுதலாம்.

அடுத்து டி9. சியாட்டிலில் இருந்த டெஜிக் என்ற நிறுவனம் கொண்டுவந்தது, 1999-ல் வந்த நோக்கியா 3210-லேயே இருந்தது. எழுத்துக்கு ஒரு தட்டு போதும், எந்தச் சொல்லாக இருக்கும் என்று போனே அகராதியைப் பார்த்து யூகித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு உண்மையிலேயே அருமையான ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. நமக்கு? 'நூல்' என்று நினைத்து 6665 தட்டினால் அந்த நாலு எண்ணுக்குப் பொருந்துகிற ஆங்கிலச் சொல்லைத்தான் அது எடுக்கும், 'மங்க்' (சாமியார்) வரும், இல்லையென்றால் 'நுக்' (மூலை) வரும். நூல் வந்ததா என்று கேட்கப் போய் சாமியார் வந்ததா என்று கேட்டால் என்ன செய்வது? நம் சொற்களை அகராதியில் சேர்க்க வழி இருக்கிறது. சேர்த்தாலும் பட்டியலில் பின்னால்தான் நிற்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் திரையைப் பார்த்து சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், செட் மாற்றினால் சேர்த்ததெல்லாம் போச்சு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர் டி9-ஐ அணைத்து வைத்துவிடுவதுதான் நல்லது. பழைய நோக்கியாக்களில் # பட்டனை இரண்டு தடவை தட்டினால் அது அணையும். கூலிக் கணக்கு, மீட்டர், எடை என்று எண்ணாகவே அனுப்ப வேண்டியிருந்தால் அதே #-ஐ அழுத்திப் பிடித்து எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, தமிழ் எழுத்தில் எழுதுவது. இதில் வேகம் குறைவு. எந்தப் பட்டனில் எந்தத் தமிழ் எழுத்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, பட்டன் மேல் தமிழ் அச்சடித்த செட் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, ஆகவே திரையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இடமும் குறைவு. ஆங்கில எழுத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து கொள்ளும், தமிழ் எழுத்துகளை அனுப்பும் யூனிகோட் முறையில் 70 தான். அந்த எழுபதிலும் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் உகரக் குறிக்கும் தனித்தனிக் கணக்கு. 'நூல் வந்துருச்சு' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது எட்டு எழுத்து, போன் கணக்கில் இடைவெளியோடு சேர்த்து 16. எழுபதைத் தாண்டினால் ஒரு துண்டுக்கு 67 என்று உடைத்து அனுப்பும், மெசேஜுக்கு இவ்வளவு என்று காசு பிடிக்கிற பேக்கில் இது உறைக்கும்.

இவ்வளவு இருந்தும் நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊரில் இருக்கிற அப்புச்சிக்கும் அம்மிச்சிக்கும் (அம்மாவைப் பெற்றவர்களுக்கு) ஆங்கில எழுத்தில் அனுப்பினால் பேரனைத் தேடிப் பிடித்து, "என்ன கண்ணு போட்டிருக்குது, படிச்சுச் சொல்லு" என்று கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் வந்தால் அவர்களே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிடுவார்கள். எழுதுகிறவர் படுகிற கஷ்டம் இரண்டு நிமிஷம், அதற்காக இன்னொருவரைப் பிறர் கையை எதிர்பார்க்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

4ஜி பட்டன் போன்கள் வந்தபிறகு பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் சிலதில் இருக்கிறது. அமைதியான வீட்டுத் திண்ணையில் சரி, தறிச் சத்தத்தில் வேலைக்கு ஆகாது, நெட்டும் வேண்டும்.

ஆக, குடோனுக்கும் வியாபாரத்துக்கும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் முறை, வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து. புது செட் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு இன்னொரு போனிலிருந்து 'நூல் வந்துருச்சுங்க' என்று தமிழில் அனுப்பச் சொல்லுங்க. கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ, உகரக் குறியும் புள்ளியும் எழுத்தை விட்டு விலகி நின்றாலோ வேற செட் காட்டச் சொல்லுங்க. அதிலேயே பதிலையும் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்க.